பர்சோ கட்டின கோட்டை

பர்சோ என்றால் முந்தாநாள். டெல்லியில் கேட்டாலும் லக்னோவில் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் ஹைதராபாத் பழைய நகரத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் பர்சோ என்று சொன்னால், விஷயம் நேற்றைக்கு முன்னால் எப்போதோ நடந்தது என்று மட்டும்தான் அர்த்தம். முந்தாநாளாகவும் இருக்கலாம், போன ரம்ஜானாகவும் இருக்கலாம், பாட்டனாருக்கு மீசை முளைத்த காலமாகவும் இருக்கலாம். கேட்பவருக்கும் இதில் ஒரு குழப்பமும் வராது. சொல்பவரின் கையைப் பார்த்துக்கொள்வார். பக்கத்துப் பர்சோ என்றால் கை தோளுக்கு மேல் போய்த் திரும்பும். ரொம்பத் தூரத்துப் பர்சோ என்றால் கையோடு சேர்ந்து கண்ணும் மூடிக்கொள்ளும்.

ஷா அலி பண்டா பேட்டையைச் சேர்ந்த ஜிலானி மியா இந்த விஷயத்தில் ஊரையே தூக்கிச் சாப்பிட்டவர். அவருக்குக் காலம் என்பது மூன்றே மூன்று அறை உள்ள வீடு. இன்று, நேற்று, பர்சோ. மூன்றாவது அறையில்தான் அவருடைய மஞ்சள்காமாலை, கல்யாணம், குதுப் ஷாஹி சுல்தான்கள், போன வாரம் ரிப்பேர் பண்ணின குக்கர் எல்லாம் ஒன்றாகக் குடியிருந்தன.

இதனால் அவருக்குச் சில சங்கடங்கள் வந்ததுண்டு. ஒருமுறை வயிற்று வலி என்று தெருமுனை கிளினிக்குக்குப் போனார். டாக்டர் விஜயவாடாவிலிருந்து புதிதாக வந்தவர். எப்போதிலிருந்து வலி என்று கேட்டார். பர்சோவிலிருந்து என்றார் ஜிலானி. அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்றார் டாக்டர். சின்ன மச்சான் கல்யாண பிரியாணி என்றார். பிரியாணியைக் குறை சொல்லி ரெண்டு நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார் டாக்டர். அந்தச் சின்ன மச்சானின் பெண் அப்போது காலேஜில் சேர்ந்திருந்தாள்.

பெண் பார்க்கப் போனபோதும் இதே கதைதான். பர்சோதான் ஸ்கூட்டர் வாங்கினேன் என்று ஜிலானி சொல்ல, புது ஸ்கூட்டரைப் பார்க்கலாமே என்று பெண் வீட்டிலிருந்து ரெண்டு சித்தப்பாக்கள் வந்தார்கள். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் சீட்டுக்கு அடியில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சித்தப்பாக்கள் கொதித்தார்கள். பெண்ணின் அப்பா மட்டும் அவர்களைக் கையமர்த்தினார். பையன் பொய் சொல்லவில்லையே, பர்சோ என்றுதானே சொன்னான் என்றார். அவரும் ஷா அலி பண்டாக்காரர். அப்படித்தான் ரஃபத், ஜிலானி மியாவுக்கு மனைவியாக வந்தாள். வந்த நாளிலிருந்து கோழியையும் ஸ்கூட்டரையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

ஜிலானி முதலில் லாட் பஜாரில் ஒரு வளையல் கடை வாசலில் நின்று கூப்பிடும் வேலை பார்த்தார். அவருடைய குரல் அப்படி. தெருவின் அந்தக் கோடியில் போகிற பெண், தன் பெயரைச் சொல்லித்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பி வருவாள். ஒரு நாள் தில்பஹார் டூர்ஸ் முதலாளி ஹஷ்மத் சேட் மகளுக்கு வளையல் வாங்க அந்தப் பக்கம் வந்தார். அவருடைய சுற்றுலா வண்டிக்கு அப்போது கைடு இல்லை. வளையல் வாங்கின கையோடு ஜிலானியையும் வாங்கிக்கொண்டு போனார். சரித்திரம் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. மூச்சு விடாமல் பேசுவாயா என்றுதான் கேட்டார்.

அன்றைக்குக் கையில் பிடித்த மைக்கை ஜிலானி அப்புறம் விடவே இல்லை. சிவப்புப் பஞ்சுத் தொப்பி போட்ட மைக். வண்டியில் பேச ஒன்று, இறங்கி நடக்கும்போது தோளில் மாட்டிக்கொள்ளும் ஸ்பீக்கர் பெட்டியோடு ஒன்று. ரெண்டையும் தினமும் சாயங்காலம் துடைத்து, பஞ்சைக் கழற்றித் துவைத்து, ஈரம் போகக் காற்றில் வைப்பார். என்னிடம்கூட இந்தக் குரலில் பேசினதில்லை, அந்தச் சனியனிடம் என்ன கொஞ்சல் என்று ரஃபத் சொல்வாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கான்பூரிலிருந்து வந்துபோன ஒரு குடும்பம் இணையத்தில் தில்பஹார் டூர்ஸுக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டு, கீழே இப்படி எழுதியது: "கோல்கொண்டா கோட்டை முந்தாநாள்தான் கட்டப்பட்டது என்று கைடு சொன்னார். ரெண்டே நாளில் இந்த அளவுக்கு இடிந்திருக்கிறது என்றால் கான்ட்ராக்டர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும்."

ஹஷ்மத் சேட் அதை மூன்று முறை படித்தார். பழைய நகரத்துக்காரரான அவருக்கு இதில் என்ன தவறு என்று புரியவில்லை. யார் அந்தக் கான்ட்ராக்டர் என்று மட்டும் ஆபீசில் விசாரித்தார்.

புரிந்தது ஒரே ஒருவருக்குத்தான். புதிதாக வந்திருந்த மேனேஜர் இஷ்ரத் ரிஸ்வி. லக்னோக்காரி. சொல் சுத்தமாக இருக்கவேண்டும் என்பதில் அந்த அம்மாளுக்கு இருந்த பிடிவாதம், மற்றவர்களுக்குக் கை சுத்தத்தில் இருப்பது போல. கோபம் வரவர மரியாதை கூடும். "தாங்கள்" என்று ஆரம்பித்தாலே ஆபீசில் டீ கொண்டுவருபவர் கூடப் பின்வாசல் பக்கம் நழுவிவிடுவார்.

ஜிலானியை அவள் எதிரே உட்காரவைத்து, "ஜிலானி சாஹிப், தங்களுக்குச் சிரமம் இல்லைன்னா, சரித்திரத்தைக் கொலை பண்ணாம கொஞ்சம் உயிரோட விட்டுவைக்க முடியுமா?" என்று கேட்டாள்.

ஜிலானிக்கு விஷயம் பிடிபடவே பாதி நாள் ஆனது. இஷ்ரத் போட்ட கட்டளை இதுதான். வருகிற வியாழக்கிழமை இஷ்ரத்தும் வண்டியில் வருவாள். அந்தச் சொல்லைச் சொல்லவே கூடாது என்று அவள் சொல்லவில்லை. முந்தாநாள் நடந்ததைப் பர்சோ என்று தாராளமாகச் சொல்லலாம். வேறு எதற்காவது அது வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தால், மைக்கை அவள் எடுத்துக்கொள்வாள். ஜிலானி மறுநாளிலிருந்து ஆபீஸ் பின்னால் இருக்கும் லக்கேஜ் அறைக்குப் போகவேண்டும். சம்பளம் குறையாது, உட்கார்ந்த வேலை, மின்விசிறி உண்டு. ஆனால் அங்கே பேச்சுத்துணைக்கு வெறும் பெட்டிகள். பெட்டிகள் கேள்வி கேட்காது. சொன்னதைக் கேட்டுச் சிரிக்காது. அன்று ராத்திரி ஜிலானிக்குச் சோறு இறங்கவில்லை.

ரஃபத்தான் அவரைத் தயார்படுத்தினாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சார்மினார் என்பாள், அவர் வருஷத்தைச் சொல்லவேண்டும். பர்சோ என்று ஆரம்பித்தால் வெங்காயம் பறந்து வரும். நாக்கு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கடித்துக்கொள்ள வாயில் ஒரு கிராம்பைப் போட்டுக்கொள்ளவும் சொல்லிக் கொடுத்தாள். புதன்கிழமை ஒத்திகையில் ஜிலானி ஏகப்பட்ட கிராம்பை விழுங்கிவிட்டு ராத்திரி முழுக்க ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்.

வண்டி டிரைவர் யாதகிரி கொடுத்த யோசனை வேறு. "பாய், நீ 'பர்'னு ஆரம்பிச்சா நான் ஹாரன் அடிக்கறேன். நீ உஷாராயிடு. நம்ம ஊர்ல ஹாரன் சத்தத்தை யார் கவனிக்கப்போறாங்க?"

நல்ல யோசனையாகத்தான் பட்டது.

வியாழக்கிழமை காலை வண்டி நிரம்பியிருந்தது. முன் சீட்டில் இஷ்ரத் தாழம்பூ அத்தர் வாசனையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வரிசையில் நாக்பூரிலிருந்து வந்த கோட்போலே என்ற கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும். கோட்போலே ஒவ்வொன்றுக்கும் ஏன், எப்போது, எத்தனை என்று கேட்கிற ஜாதி. அவரைப் பார்த்தவுடனேயே ஜிலானி ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டார்.

மதீனா சந்திப்பு நெரிசலில் வண்டி நுழைந்தபோது, எல்லோரும் பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஜிலானி வழக்கமான எச்சரிக்கையைச் சொல்ல வாயெடுத்தார். "எல்லாரும் அவங்கவங்க பர்—" என்றதுதான். யாதகிரி ஹாரனில் ஏறி உட்கார்ந்துவிட்டான். முன்னால் போன கொய்யா வண்டிக்காரர் அலறிப்போய்த் தள்ளுவண்டியை விட்டுவிட, பாதிக் கொய்யா ரோட்டில் உருண்டது. அவர் ஜன்னலுக்கு வந்து யாதகிரியின் பரம்பரையைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தது, பர்தா போட்ட ஓர் அம்மாள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள். பர்தா போட்ட அம்மா போகட்டும் தம்பி என்று ஜிலானி மைக்கிலேயே சொன்னார். முழுச் சொல் வருவதற்குள் ஹாரன். அந்த அம்மாள் நின்று, திரும்பி, குடையால் வண்டியின் மூக்கில் ரெண்டு போட்டாள். அப்புறம் பராட்டா கடையைக் காட்டியபோது ஒன்று.

வண்டியில் ஏதாவது கோளாறா என்று இஷ்ரத் விசாரித்தாள். "வயரிங் கொஞ்சம் லூஸ், மேடம்" என்றான் யாதகிரி, கண்ணாடியில் ஜிலானியின் முகத்தைத் தேடிக்கொண்டே. சிக்னலில் நின்றபோது ஜிலானி குனிந்து, இனிமேல் ஹாரனைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று அவன் காதில் சொன்னார்.

சார்மினாருக்கு அடியில் எல்லோரும் இறங்கி நின்றார்கள். கோட்போலே அண்ணாந்து பார்த்துவிட்டு, எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார். எப்போது கட்டினது?

ஜிலானி கிராம்பைக் கடித்தார். கண்ணை மூடினார். வெங்காயங்கள் பறந்து வருவது தெரிந்தது.

"ஆயிரத்து ஐந்நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு."

இஷ்ரத்தின் புருவம் மெல்ல மேலே போய், அங்கேயே மரியாதையாக நின்றது. கோட்போலே தலையசைத்தார். ஜிலானிக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வருஷத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். அந்தச் சந்தோஷத்தைத் தனியாக வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. ஸ்பீக்கர் பெட்டி அதிர, "சும்மா வரலை சாப் இது, பர்சோ பூரா உக்காந்து மனப்பாடம் பண்ணினேனாக்கும்" என்றார்.

மனப்பாடம் பண்ணினது போன வாரம்.

 ஒருமுறைதானே என்று இஷ்ரத் விட்டுவிட்டாள் போல. ஆனால் ஜிலானியின் வாயில் அந்தக் கதவு ஒருமுறை திறந்துவிட்டால் போதும், அப்புறம் தாழ்ப்பாளே கிடையாது. சௌமஹல்லா அரண்மனையில் பர்சோ நிஜாம் உட்கார்ந்த சிம்மாசனம் வந்தது, பர்சோ வந்த சரவிளக்குகள் வந்தன, பர்சோ வாங்கின கார் ஒன்று, பர்சோ போன விருந்தாளிகள். கையைத் தோளுக்கு மேல் வீசி, கண்ணை மூடி, தன்னை மறந்து சொல்லிக்கொண்டே போனார். கிராம்பு எப்போது வயிற்றுக்குள் போனதென்று அவருக்கே தெரியாது.

வந்தவர்களுக்கோ ஒரே குஷி. கோட்போலே முதலில் திடுக்கிட்டார், அப்புறம் யோசித்தார், அப்புறம் மனைவியிடம் விளக்கினார். "இவர் சொல்ற பர்சோ மாறிலி இல்லை, மாறி. அதோட மதிப்பு ரெண்டு நாள்லேர்ந்து ஐந்நூறு வருஷம் வரைக்கும் போகும். கையைப் பார்த்து மதிப்பைப் போட்டுக்கணும்." இது வண்டி முழுக்கப் பரவிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவதற்குள், பின் சீட்டுக்காரர் ஒருவர் பர்சோதான் காபி குடித்தேன் என்று காலையில் குடித்த காபியைப் பற்றிச் சொல்ல, வண்டியே அவரைத் திருத்தியது. காலை நடந்ததெல்லாம் பர்சோ ஆகாது, அதற்கு இன்னும் கொஞ்சம் ஊறவேண்டும் என்று.

பிரியாணி நன்றாக இருந்தது. இஷ்ரத், எங்கள் ஊரில் மசாலாவை வாசனைக்குப் போடுவோம், தண்டனைக்குப் போடமாட்டோம் என்று சொல்லியபடி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் கையைக் கழுவிவிட்டு வந்து ஜிலானியின் முன்னால் நின்றாள்.

"ஜிலானி சாஹிப், தாங்கள் காலையிலேர்ந்து ரொம்பக் களைச்சிருப்பீங்க. கோல்கொண்டாவை நான் பார்த்துக்கறேன். பெட்டியை இப்படிக் குடுங்க."

குரலில் தேன். ஜிலானி பெட்டியின் பட்டையைத் தோளிலிருந்து கழற்றினார். கல்யாணம் முடிந்து பெண்ணை அனுப்புகிற அப்பா மாதிரி அதை ரெண்டு கையாலும் கொடுத்தார். வால்யூம் திருகு கொஞ்சம் முரண்டு பிடிக்கும், மெதுவாகத் திருப்புங்கள் என்று சொல்ல நினைத்தார். அதற்குள் அவள் பட்டையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டுவிட்டாள். பெட்டிக்குப் பதிலாகக் கூட்டத்தைச் சேர்த்துப் பிடிக்கிற பச்சைக் கொடி ஒன்று அவர் கைக்கு வந்தது. கொடியைப் பிடித்துக்கொண்டு கடைசி ஆளாக நடந்தார். யாதகிரி வண்டியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். காலையில் ஹாரனைத் தடுக்காமல் விட்டிருந்தால் இது நடந்திருக்குமா என்று அவன் முகம் கேட்டது.

கோல்கொண்டாவில் நுழைந்ததும் ஒரு வளைவுக் கூடம் இருக்கிறது. அதற்கு அடியில் நின்று கை தட்டினால் மலை உச்சியில் கேட்கும். வருகிற கைடுகள் எல்லோரும் அங்கேதான் முதலில் கூட்டிப்போவார்கள். இஷ்ரத்தும் சுத்தமான மொழியில் அதன் கட்டுமானத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே, கூட்டத்தை அந்தப் பக்கம் நடத்திப் போனாள். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பின்னால் வருபவர்கள் ஏற்கனவே செல்போனைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

டிக்கெட் வாசலில் நின்ற காவல்காரர் பால்ராஜ், ஜிலானிக்குப் பழக்கம். கையிலிருந்த கொடியையும் முகத்தையும் பார்த்து, என்ன பாய், யார் செத்தா என்று விசாரித்தார். பதில் வருவதற்குள் கூட்டம் போகிற திசை அவர் கண்ணில் பட்டது. முகம் மாறியது.

"பாய், அங்க கூட்டிட்டுப் போகாதே. மேல் வளைவு இடுக்குல தேன்கூடு தொங்குது. முந்தாநாள் தேனீங்க எழும்பிடுச்சு. ஃபோட்டோ புடிக்க வந்த புதுமாப்பிள்ளையும் பொண்ணும் மாலையைக் கழட்டிப் போட்டுட்டு ஆளுக்கு ஒரு திசையா ஓடினாங்க. குறுக்கே கயிறு கட்டியிருந்தேன், யாரோ அவுத்துட்டானுங்க. கை தட்டினா போச்சு. அதுலயும் வாசனைன்னா அதுங்களுக்கு ஆகவே ஆகாது."

வாசனை என்றதும் ஜிலானிக்குத் தாழம்பூ ஞாபகம் வந்தது. கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தொப்பை குலுங்க, மூச்சு இரைக்க, கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய் நின்றார்.

"மேடம், இங்க நக்கோ, வேணாம். தேனீ... பர்சோ இங்க தேனீ எழும்பி..."

இஷ்ரத் பொறுமையாகச் சிரித்தாள். "சரித்திரத்தை நான் சொல்லிக்கறேன், ஜிலானி சாஹிப்."

"சரித்திரம் இல்லை மேடம். ஓடிட்டாங்க. மாப்பிள்ளை, பொண்ணு, மாலை எல்லாம் போட்டுட்டு..."

கோட்போலே ஆர்வமாகக் கூர்ந்து கேட்டார். "எந்த மாப்பிள்ளை? சுல்தான் குடும்பமா?"

"இல்லை சாப், நிஜ பர்சோ. நிஜமான பர்சோ."

"நிஜ பர்சோன்னா எவ்வளவு? முந்நூறா, ஐந்நூறா?" கோட்போலே அவருடைய கையைப் பார்த்தார். ஜிலானியின் கை பதற்றத்தில் தோளுக்கு மேலே போயிருந்தது, வியர்வை விழுந்து கண்ணும் மூடியிருந்தது. "பார்த்தீங்களா, கண்ணை மூடிட்டார். ரொம்பப் பழசு."

எல்லோரும் சிரித்தார்கள். கிழமையைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று ஜிலானிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் முந்தாநாள் என்ன கிழமை? அவர் வாழ்க்கையில் அந்தக் கணக்கே வந்ததில்லை. கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விரல் விட ஆரம்பித்தார். இன்றைக்கு வியாழன். நேற்று புதன், ஒத்திகை நடந்தது. அதற்கு முன்னால்... கிராம்பு வாங்கப் போன நாள், அது என்ன கிழமை, சந்தை இருந்ததே...

"செவ்வாய்!" என்றார் கடைசியில்.

அதற்குள் இஷ்ரத், இப்போது எல்லோரும் சேர்ந்து என்று சொல்லிவிட்டாள். வண்டி முழுக்கச் சேர்ந்து கை தட்டியது.

மலை உச்சியில் கேட்டதோ இல்லையோ, இடுக்கில் கேட்டது.

முதலில் ஒரு முனகல். ஸ்பீக்கர் பெட்டிதான் கோளாறு செய்கிறது என்று இஷ்ரத் வால்யூம் திருகைத் திருப்பினாள். முனகல் குறையவில்லை. மேலே பார்த்தாள். அப்புறம் நடந்ததை யாரும் சரியாகப் பார்க்கவில்லை, ஏனென்றால் எல்லோருடைய தலையும் ஏதாவது ஒன்றுக்குள் இருந்தது. கைப்பைக்குள், துப்பட்டாவுக்குள், பக்கத்து ஆளின் அக்குளுக்குள். கோட்போலே தம் மனைவியைக் காப்பாற்றப் போய், வேறொருவர் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புல்வெளி தாண்டினார். ஜிலானி பச்சைக் கொடியை இஷ்ரத்தின் தலையில் போர்த்தித் தள்ளிக்கொண்டே ஓடினார். கொடி சின்னது. தாழம்பூ பெரியது.

வண்டிக்குள் ஏறி ஜன்னலை எல்லாம் அடைத்த பிறகு கணக்கெடுத்தார்கள். பெரிய ஆபத்து யாருக்கும் இல்லை. கோட்போலேயின் வழுக்கையில் ஒன்று, ஜிலானியின் கட்டைவிரலில் ஒன்று, பின் சீட்டுக்காரருக்கு இனி உட்கார முடியாதபடி ஓர் இடத்தில் ஒன்று. இஷ்ரத்துக்குத்தான் மேலுதட்டில். அது அவள் மூக்கைத் தொட எழும்பிக்கொண்டிருந்தது. கோட்போலேயின் மனைவி தம் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்து எல்லோருக்கும் சமமாகத் தடவினாள். வண்டி முழுக்கக் கோவில் தூண் மாதிரி வெள்ளை வெள்ளையாக நின்றது.

இஷ்ரத் ஜிலானியை அழைத்தாள். உதட்டு வீக்கத்தில் பாதி எழுத்து அவளுக்கு வெறும் காற்றாகத்தான் வந்தது.

"ஏங் ஹுன்னாடியே ஹொல்லலை?"

ஜிலானிக்குப் புரிந்தது. "சொன்னேனே மேடம்."

"ஹர்ஹோன்னுதானே ஹொன்னீங்க."

"பர்சோதானே மேடம்."

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். மூடுவது கஷ்டமாக இருந்ததால் பாதியில் விட்டாள். வண்டியில் எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்ப்பது போல் காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். அவள் சொல்லைத்தான் பார்ப்பவள், ஆளைப் பார்ப்பவள் அல்ல. மனதுக்குள் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். முந்தாநாள் நடந்தது. முந்தாநாள் என்று சொன்னார். ஒரு எழுத்துகூடத் தவறில்லை.

குதுப் ஷாஹி கல்லறைகள் வாசலில் வண்டி நிற்கும்போது அவளுடைய போன் அடித்தது. ஹஷ்மத் சேட். நாளையிலிருந்து மைக் யாரிடம் என்று தெரியவேண்டும், லக்கேஜ் அறைக்குச் சாவி கொடுக்கவேண்டும். இஷ்ரத் பேச முயன்றாள். என்ன அங்கே காற்று அடிக்கிறதா என்று கேட்டார் சேட். அவள் ஸ்பீக்கரில் போட்டு, போனை ஜிலானியிடம் நீட்டினாள். தான் சொல்லச் சொல்ல அவர் எடுத்துச் சொல்லட்டும் என்று சைகை காட்டினாள்.

இப்படித்தான் ஜிலானி மியா தன் தீர்ப்பைத் தானே வாசிக்கவேண்டி வந்தது.

மேடம் என்ன சொல்கிறார்கள், தேறினாயா இல்லையா என்றார் சேட். இஷ்ரத் நீளமாக ஏதோ முனகினாள். ஜிலானி நினைத்திருந்தால் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். வண்டியில் வேறு யாருக்கும் ஒரு சொல்லும் புரியவில்லை. யாதகிரி ஸ்டீரிங்கிலிருந்து திரும்பி, நல்லதாகச் சொல்லேன் பாய் என்று உதட்டை அசைத்தான். ஜிலானி போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"மேடம் சொல்றாங்க சேட், என் சரித்திரம் பூரா தப்பாம். சிம்மாசனம் தப்பு, விளக்கு தப்பு, கார் தப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைங்க முன்னாடி நான் வாயே திறக்கக்கூடாதாம்." நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். "தேனீ விஷயம் மட்டும் சரியா சொன்னேனாம்."

"தேனீயா? என்ன தேனீ?"

"கோட்டைல தேனீ எழும்பிடுச்சு சேட்."

"எப்ப?"

"பர்சோ."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "அட, செத்துப்போன கதையெல்லாம் எதுக்கு மியா இப்ப? இன்னிக்கு என்ன ஆச்சுன்னு சொல்லு."

இஷ்ரத்தின் தோள் முதலில் குலுங்கியது. ஜிலானி அவள் அழுகிறாள் என்று நினைத்துப் பயந்தார். உதட்டை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வலியில் கண்ணீர் வந்தது, நிறுத்த முடியவில்லை. சுண்ணாம்பு தாடை வழியே ஒழுகியது. லக்னோவில் இப்படியெல்லாம் சிரிப்பார்களா என்று தெரியாது. பின் சீட்டுக்காரர் நின்ற நிலையிலேயே சிரித்தார், உட்கார முடியாததால். கடைசியில் அவள் பெட்டியைத் தோளிலிருந்து கழற்றி ஜிலானியின் மடியில் வைத்துவிட்டு, போன் பக்கம் குனிந்து ஒரு வாக்கியம் சொன்னாள்.

என்ன சொல்கிறார்கள் மியா என்றார் சேட்.

ஜிலானிக்குப் புரிந்திருந்தது. ஆனால் குரல் வரவில்லை. லாட் பஜார் காலத்திலிருந்து ஒருநாளும் அவரைக் கைவிடாத குரல். மடியிலிருந்த பெட்டியைத் தடவிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பெட்டி போன இடத்தைப் பார்த்தே விடையைக் கண்டுபிடித்துவிட்ட கோட்போலேதான் எட்டிக் குனிந்து போனில் சொன்னார்.

"மைக் அவர்கிட்டயே இருக்கட்டும்னு சொல்றாங்க."

"அதைத்தானே நான் பர்சோவே சொன்னேன்" என்றார் ஹஷ்மத் சேட். போனை வைத்துவிட்டார்.

ஜிலானி மியா மைக்கின் சிவப்புப் பஞ்சைச் சட்டை நுனியால் துடைத்தார். ஒருமுறை ஊதிப் பார்த்தார். நன்றாகக் கேட்டது. இறங்கலாம் என்று எல்லோருக்கும் சொன்னார்.